பெயர் சொன்னவர்

தும்பை சூடிப் போர்முனை புகுந்தான் தமிழன் என்று பாடம் நடத்துகிறோம். வென்றவன் வாகை சூடினான் என்கிறோம். ஆநிரை கவரச் சென்றவன் தலையிலே வெட்சி, அதனை மீட்கச் சென்றவன் தலையிலே கரந்தை, மதிலை வளைத்தவனுக்கு உழிஞை, மதிலைக் காத்தவனுக்கு நொச்சி! போருக்கும் பூவின் பெயர் சூட்டிய இனம் என்று மேடையேறி முழங்குகிறோம், கையொலி எழுகிறது. நிலத்தைப் பகுத்தபோதும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என மரஞ்செடிகளின் பெயராலேயே பகுத்தவர் நம் முன்னோர். பெருமைதான். மறுப்பாரில்லை. ஆனால், தோழர்களே, அந்தத் தும்பை எது?

கேட்டேன், ஒன்பதாம் வகுப்பிலே. 42 பிள்ளைகள். கைகள் உயரவில்லை, கண்கள் தாழ்ந்தன. "வெள்ளைப் பூ, டீச்சர்" என்றாள் ஒருத்தி. உரைநூல் சொல்லித் தந்த விடை. "பார்த்திருக்கிறாயா அம்மா?" என்றேன். "இல்லை" என்றாள். அவள் சாய்ந்திருந்த சன்னலுக்கு வெளியே, சுவரோரமாக, ஐப்பசி மழையிலே தழைத்து வளர்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது தும்பை! நாள்தோறும் அதை மிதித்துக்கொண்டுதான் தண்ணீர்க் குழாய்க்குப் போகிறார்கள் பிள்ளைகள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டுத் தும்பை எதற்கு உதவும்? தேர்வுத் தாளிலே ஒரு மதிப்பெண் பெற உதவும். அவ்வளவே. குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை அடுக்கி வைத்தார் கபிலர். இன்று நம்மை அடுக்கச் சொன்னால், பூக்கடையிலே விலைக்குக் கிடைப்பவை தீர்ந்ததும் நம் பட்டியலும் தீர்ந்துவிடுகிறது. கபிலர் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவனுக்குப் பரிசு கொடுக்கிறோம். அவற்றுள் பத்தையேனும் கண்ணால் கண்டாயா என்று கேட்பதில்லை. கேட்டால் பரிசு கொடுக்கும் நமக்கே அந்தக் கேள்வி திரும்பி வரும் என்ற அச்சமோ, என்னவோ!

அந்த வகுப்பிலிருந்து பிறந்ததுதான் எங்கள் செடி உலா. திங்கள்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் பள்ளி வாயிலிலே கூடுகிறோம். தலைமையாசிரியர் இசைவு தந்தார், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்ற கட்டளையோடு. ஆண் பிள்ளைகள் மறுநாளே கையெழுத்தோடு வந்தனர். பெண் பிள்ளைகளுக்கு மூன்று திங்கள் ஆயிற்று. "பொட்டப்புள்ளைய முள்ளுக்காட்டுக்குள்ள எதுக்கு டீச்சர் கூட்டிட்டுப் போறீங்க?" என்ற கேள்விக்கு வீடு வீடாகச் சென்று விடை சொன்னேன். பெண்ணாகிய நானும் உடன் வருகிறேன் என்பதே பல வீடுகளில் ஏற்கப்பட்ட ஒரே விடை. அறிவுக்காக என்று சொன்ன விடையை யாரும் ஏற்றதாக நினைவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் பூமி எங்களுடையது. வற்றாத ஆறு இல்லை. வானம் பார்த்த கண்மாய்கள் உண்டு. கண்மாய்க் கரை, பொட்டல், பாறைச்சரிவு, வேலியோரம், ஊர்க்கோடியிலே ஐயனார் கோயிற்காடு - எங்கள் உலாவின் எல்லை இவ்வளவே. மலையேறிக் குறிஞ்சி காணச் செல்வோர் செல்லட்டும். காலடியிலே கிடப்பதைக் கண்டபிறகு மலைக்குப் போகலாம் என்பது எங்கள் முடிவு.

நான் பயின்றது தமிழிலக்கியம். உடன் வரும் அறிவியல் ஆசிரியர் பயின்றது செடிநூல். அவர் பூவைப் பிரித்து உள்ளுறுப்புகளைக் காட்டுவார். நான் பெயரைப் பிரித்து உள்ளுறுப்புகளைக் காட்டுவேன். தும்பைத் தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள் என்றார் முதல் நாள். உருளவில்லை. நான்கு பட்டைத் தண்டு! துளசியை உருட்டினார்கள், அதுவும் நான்கு பட்டை. பேய்மிரட்டியை உருட்டினார்கள்; அதுவும் அப்படியே. இலைகள் எதிரெதிரே, பூ உதடு பிரிந்தது, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டனர். துளசிக்கு மாடம் கட்டி விளக்கேற்றுகிறோம். உடன்பிறந்த தும்பையை மிதிக்கிறோம். செடிகளுக்குள்ளும் நாம் செய்து வைத்திருக்கிற ஏற்பாட்டைப் பாரீர்!

உலாவுக்குச் சில விதிகள் வகுத்தோம். வேரோடு பிடுங்கக் கூடாது. சொல்லாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஏனெனில் பார்ப்பதற்குப் பவளமும் கருமணியும் பதித்தாற்போன்ற குன்றிமணியை உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டு அரசின் மலரென்று போற்றப்படும் செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. கண்ட இடம், மண்ணின் தன்மை, பூவின் நிறம், காய் இருந்ததா, பூச்சி இருந்ததா என்று குறித்துக்கொள்ள ஒரு குறிப்பேடு. அதிலே கடைசிப் பத்தியின் தலைப்பு: "பெயர் சொன்னவர்". இந்தக் கடைசிப் பத்திதான், பின்னால் சொல்லப் போகிற வழக்குக்குக் காரணமாயிற்று.

திருச்சியிலே, 1967இல் மேத்யூ அடிகளார் தொடங்கிய இராபினாட் உலர்செடி நிலையம் இருக்கிறது. காய்ந்த செடிகளைத் தாளிலே ஒட்டி, பெயரெழுதிப் பாதுகாக்கும் நிலையம். தமிழ்நாட்டுச் சமவெளியின் செடிகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து அவர் வெளியிட்ட பெருநூலின் தொகுதிகளை அறிவியல் ஆசிரியர் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார். கைப்பேசிச் செயலியும் இருந்தது; இலையைப் படமெடுத்தால் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் பெயர் சொல்லும். நல்ல கருவிகள்தாம். ஆனால் நூலைப் புரட்டப் பூ வேண்டும், காய் வேண்டும், கைவில்லை வேண்டும். செயலியோ ஒரே செடிக்கு மூன்று பெயர் சொல்லி, மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறது. முதல் உலாவிலே பொட்டலில் நின்று நாங்கள் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார் ஒரு மூதாட்டி. எழுபது வயதிருக்கும். ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர்.

"அது துத்தி. அங்கிட்டு நிக்கிறது நாயுருவி, சேலையில ஒட்டும், பார்த்து. இது மூக்கிரட்டை. அது சங்கஞ்செடி, முள்ளு நாலு பக்கமும் இருக்கும்." நின்ற இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு போனார். பிள்ளைகளின் எழுதுகோல்கள் ஓடின. எழுதி முடிக்குமுன் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். "செல்லுல பார்த்துச் சொல்லுதே, அது சரியா?" என்று ஒருவன் செயலியைக் காட்டினான். அவர் சிரித்தார். "அது படத்தைப் பார்த்துச் சொல்லுது. நான் ஆடு திங்கிறதைப் பார்த்துச் சொல்றேன்."

நண்பர்களே, அந்த ஒரு விடையிலே செடிநூல் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடப்பதை அன்றிரவு எண்ணி எண்ணி வியந்தேன். ஆடாதோடை என்றொரு செடி உண்டு. இருமலுக்குக் கைகண்ட மருந்தென்பர். ஆடு தொடாத இலை. ஆகவே ஆடாதோடை என்பர். ஆடுதின்னாப்பாளை என்று மற்றொன்று. பெயரே பொருள் சொல்கிறது. ஆடு தின்னாத அந்தச் செடியை அழகிய பட்டாம்பூச்சி ஒன்றின் புழு தின்று வளர்கிறது, அதன் நஞ்சையே தனக்குக் காவலாக்கிக்கொள்கிறது என்பது அறிவியல் ஆசிரியர் சொன்ன கூடுதல் செய்தி. இந்தப் பெயர்களைப் படைத்தவர் யார்? புலவரா? புரவலரா? சங்கப் பலகையிலே ஏறி அமர்ந்தவர்களா? அல்லர்! வெயிலிலே ஆட்டின் பின்னே நடந்து, எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று ஆண்டுக்கணக்கில் கண்டவர்கள். ஆடு மேய்ப்பவரின் பட்டறிவு பெயராகிச் செடியின் மேல் நிற்கிறது. 1753இலே சுவீடன் நாட்டு லின்னேயசு உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டி நூல் வெளியிட்டபோது, அந்தச் செடிக்கு வைத்த பெயர் "சசுட்டீசியா அடாதோடா". ஆட்டிடையர் சொன்ன சொல் ஐரோப்பிய அறிஞரின் ஏட்டிலே ஏறி அமர்ந்துவிட்டது. சொன்னவர் மட்டும் ஏறவில்லை.

ஏறியவரும் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொச்சியிலே டச்சுக்காரர் ஆண்ட காலம். ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் மலையாளக் கரையின் செடிகளைப் பற்றி 12 தொகுதிகளாக ஒரு நூல் எழுதுவித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாம் நகரிலே அச்சாயிற்று. "ஓர்த்துசு மலபாரிக்குசு" என்று பெயர். அந்த நூலுக்கு அடித்தளமாக நின்ற அறிவு இட்டி அச்சுதன் என்ற மருத்துவருடையது. ஈழவர் குலத்தவர்; தீண்டத்தகாதவர் வரிசையில் அன்றைய சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்த குலம். கொங்கணப் பார்ப்பனர் மூவரும் அந்தப் பணியிலே துணை நின்றனர். ஆனால் செடிகளின் பெயர்களையும் பயன்களையும் தம் குடும்பத்து ஏட்டிலிருந்து சொன்னவர் தாமே என்று 1675இலே இட்டி அச்சுதன் எழுதிக் கொடுத்த சான்று, நூலின் முதல் தொகுதியிலேயே அவர் மொழியில், அவர் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. தெருவிலே நடக்க உரிமையில்லாதவர் பெயர் நூலிலே நடந்து கடல் கடந்தது! லின்னேயசும் அந்த நூலைக் கையாண்டார்.

தரங்கம்பாடிக்கு 1768இலே வந்த கேனிக் என்ற மருத்துவர் லின்னேயசின் மாணவர். நம் கரையிலே செடி தேடி அலைந்தவர். கறிவேப்பிலையின் அறிவியற் பெயரிலே இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் உழைப்புக்கு உரிய சிறப்புத்தான். எனினும், அந்த இலையை நூற்றாண்டு நூற்றாண்டாக ஆய்ந்து தாளித்த தாய்மாருள் ஒருத்தியின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லையே என்ற எண்ணம் குழம்பு கூட்டும்போதெல்லாம் வருகிறது. ஆகவேதான் எங்கள் குறிப்பேட்டில் அந்தக் கடைசிப் பத்தி. துத்தி, நாயுருவி, மூக்கிரட்டை, சங்கஞ்செடி - நான்குக்கும் எதிரே, பெயர் சொன்னவர் என்ற தலைப்பின் கீழ், அந்த மூதாட்டியின் பெயரை எழுதினோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் பெயர் எது என்று காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நம் ஊர்களிலே ஒரு வழக்கம் உண்டு. எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விடுவதோ அதற்குக் காவல் நிற்பதாகும். ஊர்த்தெருவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன், குடியிருப்பைச் சேர்ந்த எழுபது வயது மூதாட்டியைப் பெயர் சொல்லி அழைக்கிறான். "வா", "போ" என்கிறான். அத்தை, பெரியம்மா, அப்பத்தா என்று முறை சொல்லி அழைக்கும் நாக்கு, அந்தத் தெருவின் எல்லையோடு நின்றுவிடுகிறது. முதல் உலாவிலே பிள்ளைகள் அவரை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. நான் உடனிருந்ததால் பெயர் சொல்ல அஞ்சினர். முறை சொல்ல நா எழவில்லை. "இது என்ன?" "அது என்ன?" என்று வெறுங் கேள்விகளாகவே கேட்டனர். எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை என்று இலக்கணம் நடத்துகிறேனே, அந்த எட்டாம் வேற்றுமை அன்று எங்கள் கூட்டத்திலே வேலை செய்யவில்லை.

மூன்றாம் உலாவிலே, பாறைச்சரிவில், ஊர்த்தெருச் சிறுவன் ஒருவன் காலிலே முள் ஏறிற்று. ஆழமாக ஏறிவிட்டது. மூதாட்டி அவனை உட்கார வைத்து, காலை எடுத்துத் தம் மடியிலே வைத்துக்கொண்டு, கருவேல முள்ளொன்றை ஒடித்து, அதனாலேயே பதமாக நெம்பி எடுத்தார். "வலிக்குது அப்பத்தா!" என்றான் பையன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் நாணிப் போயிருப்பான். அதன் பின் எல்லோருக்கும் அவர் அப்பத்தா ஆனார்.

அன்றுதான் அவர் சிறுகுறிஞ்சான் கொடியைக் காட்டினார். புதரிலே சுற்றிப் படர்ந்த கொடி. ஆளுக்கு ஓர் இலையை மென்று துப்பச் சொன்னார். பிறகு ஒருவன் கொண்டு வந்த சர்க்கரையை நாக்கிலே போடச் சொன்னார். "மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கு!" என்று கூவினர் பிள்ளைகள். இனிப்பு மறைந்துவிட்டது! மந்திரமா அப்பத்தா என்று கேட்டாள் ஒரு சிறுமி. "மந்திரம் என்னடி மந்திரம்? இலை செய்யிற வேலை. கொஞ்ச நேரத்துல சரியாப் போயிடும்" என்றார். இலையிலுள்ள பொருள் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களைச் சற்று நேரம் அடைத்துவிடுகிறது என்று அறிவியல் ஆசிரியர் விளக்கினார். பேய்மிரட்டியைப் பற்றிக் கேட்டபோதும் இதே துணிவுதான். "இதைக் கண்டால் பேய் ஓடுமா?" என்று கேட்டவனுக்கு, "பேயாவது ஒண்ணாவது? கொசு ஓடும், புகை போட்டுப் பாரு" என்று விடை வந்தது. மேடை மேடையாக நாம் பேசி வருவதை ஆட்டுக்கோலோடு நின்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வழக்கு வந்தது அடுத்த வாரம். முள் ஏறிய சிறுவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். நல்ல உழவர், நயமாகத்தான் பேசினார். "டீச்சர், செடியைக் காட்டுங்க, கொடியைக் காட்டுங்க, வேணாங்கலை. வீட்டுக்கு வந்து பய அவளை அப்பத்தாங்கிறான். யாரை யாரு அப்பத்தான்னு கூப்புடுறது? நோட்டுல வேற அவ பேரை எழுதி வச்சிருக்கீங்களாம்." வாதாடிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. குறிப்பேட்டை எடுத்து அவர் முன்னே விரித்தேன். புரட்டினார். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தார், முகம் மாறிற்று, சினமன்று, கணக்குப் பார்ப்பவரின் முகம். "எல்லாம் பொட்டல் செடியால்ல இருக்கு? கொல்லைச் செடி எங்க? சோளத்து வேரைப் பிடிச்சு உறிஞ்சுமே, சுடுமல்லி, அதை எழுதலையா?" என்றார். "எழுதவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றேன். சோளக்கொல்லையின் களைகளைச் சொல்லத் தொடங்கினார், ஒன்பது பெயர்கள். பெயர் சொன்னவர் என்ற பத்தியில், மூதாட்டியின் பெயருக்கு நேர் கீழே, அவர் பெயரை எழுதினேன். பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

மனம் மாறினார் என்று எழுத ஆசைதான். கதையாக இருந்தால் எழுதியிருப்பேன். அடுத்த உலாவுக்கு அவர் மகன் வரவில்லை. அதற்கடுத்த உலாவுக்கு வந்தான். வேறு இரண்டு பிள்ளைகள் நின்றவர்கள் நின்றவர்களே. இன்று வரை வரவில்லை.

இனி ஐயனார் கோயிற்காடு. மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்க, பின்னே அடர்ந்த காடு. கோடையிலே பொட்டல் முழுவதும் காய்ந்து கருகும்போதும் அந்தக் காடு மட்டும் பச்சையாக நிற்கும். சோழமண்டலக் கரைக்கும் அதையொட்டிய சமவெளிக்கும் உரிய காட்டுவகை அது. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்வது. தடித்த, தோல்போன்ற சிறு இலைகள். ஆகவே வறட்சியிலும் இலையை உதிர்ப்பதில்லை. காசா, வீரை, பாலை என்று மரங்கள். பாலை என்றால் எது என்று கேட்டான் ஒருவன். நல்ல கேள்வி. உலக்கைக்கு ஆகிற பாலை ஒன்று, வெட்பாலை ஒன்று, ஏழிலைப்பாலை ஒன்று. மூன்றும் வெவ்வேறு மரங்கள். மூன்றையும் கீறினால் பால் வடியும். பால் வடிவதால் பாலை! திணைக்குப் பெயர் தந்தது எந்தப் பாலை என்று புலவர்கள் வாதாடட்டும். பிள்ளைகளுக்கு அன்று மூன்றையும் கீறாமல் காட்ட வேண்டியிருந்தது.

ஆனால் உள்ளே போகவே வழியில்லை. வயது வந்த பெண்கள் குதிரை வரிசையைத் தாண்டக் கூடாது என்றார் பூசாரி வேளார். "சாமியைப் பார்க்க வரவில்லை ஐயா, மரத்தைப் பார்க்க வந்தோம்" என்றேன். "மரம் வேற, சாமி வேற இல்லம்மா" என்றார். பெண் பிள்ளைகள் போகாவிட்டால் ஆண் பிள்ளைகளும் போவதில்லை என்று முடிவு செய்து, அனைவரும் எல்லையிலேயே உட்கார்ந்து, வெளியே நீண்டிருந்த கிளைகளை மட்டும் பார்த்து எழுதினோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த வேளார், உதிர்ந்து கிடந்த சிறு கிளையொன்றை உள்ளிருந்து எடுத்து வந்து, "இது காசா" என்றார். எழுதிக்கொண்டோம், அவர் பெயரோடு. இன்னொன்று எடுத்து வந்தார். இன்னொன்று. ஏழாவது முறை நடந்து வந்தவர் மூச்சு வாங்க நின்று, "எத்தனை தடவைதான் நடக்குறது? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, எல்லாரும்" என்றார். தத்துவம் தளராத இடத்திலே முழங்கால் தளர்ந்தது. நமக்கென்ன, கதவு திறந்தது போதும்!

பகுத்தறிவு பேசும் நமக்கு அந்தக் காட்டுக்குள்ளே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அந்தக் காட்டைக் காத்தது எது? அச்சம். கிளையை ஒடித்தால் கண் போகும், விறகு எடுத்தால் வீடு வேகும் என்ற அச்சம். காட்டுக்கு வெளியே அச்சமில்லை. அரசு ஏட்டிலே தரிசு என்று எழுதப்பட்ட நிலம். தரிசென்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று பொருள். ஆகவே வெட்டினர், தைலமரம் நட்டனர். எங்கள் மாவட்டத்திலே தைலமரத் தோப்புகள் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பரவிக் கிடக்கின்றன. ஒரு ஞாயிறு தைலமரத் தோப்பிலே உலா சென்றோம். குறிப்பேட்டிலே ஒரு பக்கம் நிரம்பவில்லை. கோயிற்காட்டிலே நான்கு பக்கம் நிரம்பிற்று. மூடநம்பிக்கை காத்ததை, அது அகன்ற இடத்திலே அறிவு வந்து காக்கவில்லை, கோடரிதான் வந்தது. அச்சம் தொலைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அதே அச்சந்தான் பெண்ணைக் குதிரை வரிசையிலே நிறுத்தியது. ஆனால் அச்சம் வெளியேறும் அன்றே அறிவு உள்ளே குடியேற வேண்டும். இடையிலே ஒரு நாள் வீடு காலியாக இருந்தாலும் போதும், மரம் விறகாகிவிடும்.

வெட்டுவதற்கும் அறிவு வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. சீமைக்கருவேல மரங்களை அகற்ற வேண்டுமென்று 2017இலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்ட நாள்களில் ஊரெங்கும் அரிவாளும் எந்திரமும் புறப்பட்டன. சீமைக்கருவேலம் எது, நம் நாட்டுக் கருவேலம் எது? கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய், மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காய் அப்படி இடுங்குவதில்லை. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்று இதைச் சொல்வார்கள். அரிவாள் எடுப்போர் அனைவரும் சொல்வார்களா?

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டும். ஊரிலுள்ள மரம், செடி, கொடி, அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை எல்லாம் அதிலே ஏறவேண்டும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இலே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இன் இறுதியில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஊர் ஊராக மக்கள் எழுந்தனர். 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. அந்த மக்களுக்குத் தம் மண்ணிலே என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தது. தரிசு என்று எவரும் சொல்லி ஏய்க்க முடியவில்லை. எங்கள் குறிப்பேட்டைப் படியெடுத்து ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தோம், பதிவேட்டிலே சேர்க்கும்படி. பெயர் சொன்னவர் என்ற பத்தி தேவையா, இடம் மிகுமே என்று கேட்டார். தேவை என்று பிள்ளைகளே சொன்னார்கள். சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார், சேர்த்துவிட்டாரா என்று திங்கள்தோறும் ஒருத்தி போய்ப் பார்த்து வருகிறாள்.

கோயிற்காட்டின் வடகோடியிலே ஒரு மரம் நிற்கிறது. வெளிறிய பட்டை, இரு ஆள் உயரம். அப்பத்தாவுக்குத் தெரியவில்லை, "ஆடு அதுகிட்டப் போனதில்லை" என்கிறார். வேளாருக்கும் தெரியவில்லை. செயலி நான்கு பெயர் சொல்லிற்று, நான்கும் வெவ்வேறு. பூவும் காயும் இல்லாமல் நூலைப் புரட்ட முடியாது என்கிறார் அறிவியல் ஆசிரியர். குறிப்பேட்டிலே அதற்கு எண் மட்டும் கொடுத்து, பெயருக்கும் பெயர் சொன்னவருக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறோம். பூத்ததும் சொல்லி அனுப்புவதாக வேளார் சொல்லியிருக்கிறார்.